ஓங்கரிக்காத வீரன்

சுந்தரபாண்டியத்தில் இறங்கி பால்ச்சாமி வீடு எது என்று கேட்டால், "எந்தப் பால்ச்சாமி?" என்பார்கள். கிணத்துப் பால்ச்சாமி என்று சொல்லிவிட்டால் போதும், டீக்கடையிலிருந்து ஒரு கை நீண்டு வழி காட்டும். அந்தக் கை அவனைத் தொட்டுப் பேசாது என்பது வேறு விஷயம்.

வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் தோட்டக் கிணறுகளில் மோட்டார் பழுதானால் இறங்கிப் பார்ப்பது அவன் தொழில். இடுப்பில் கயிறு கட்டி இறங்குவான். சேற்றில் புதைந்த மோட்டாரைத் தடவி எடுத்துச் சங்கிலியில் மாட்டி மேலே அனுப்புவான். அதோடு நின்றிருந்தால் அவனை மெக்கானிக் என்றே ஊர் சொல்லியிருக்கும். ஆனால் கிணற்றில் யாராவது விழுந்து செத்து, நாலு நாள் கழித்து மிதந்தாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். ஊறி வெளுத்த உடம்பை அவன் பாயில் சுருட்டிக் கட்டுவான். மேலே நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பைய, பைய, பிஞ்சிரப் போவுது" என்று யோசனை சொல்வார்கள். வேலை முடிந்ததும் அவனுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வரும்.

இந்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒன்றை அவன் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்தான். அது அவன் மூக்கு. மூட்டைக்குள் ஒரு வெங்காயம் அழுகியிருந்தால் தெருமுனையிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பிணத்தையும் மேலே ஏற்றிவிட்டு, கருவேல மரத்துப் பக்கம் ஒதுங்கிப் போய், குடல் வெளியே வந்துவிடும் போல ஓங்கரிப்பான். அதற்காகவே இறங்கும் முன்னால் ஒரு குவார்ட்டர். ஏறின பிறகு இன்னொன்று. வர வர இறங்காத நாளிலும் குடித்தான். கேட்டால் மூக்கைக் காரணம் சொன்னான்.

"நாத்தத்துக்குக் குடிக்கேன், நாத்தத்துக்குக் குடிக்கேன்னு நீங்களே நாத்தமா ஆயிட்டீக" என்று அவன் பெண்டாட்டி வெங்கடேஸ்வரி சொல்வாள். அவர்களுக்கு ஒரே மகள், மாரீஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரமாட்டார்கள். 'பொணந்தூக்கி மக' என்பது அவளுக்கு அங்கே பெயர்.

அந்த வருஷம் வைகாசியில் ராஜபாளையத்திலிருந்து பால்ச்சாமிக்கு அழைப்பு வந்தது. தென்காசி ரோட்டில் தங்கப்பாண்டியன் என்பவருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. மறுநாள் முகூர்த்தம், போர் மோட்டார் ஓடவில்லை. பால்ச்சாமி போய், மோட்டார் அறைக்குப் பின்னால் ஒதுங்கி ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டு, வயரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே நேரத்தில் பந்திக்கூடத்துக்குப் பின்னால் செப்டிக் டேங்க் பொங்கி, சமையல்கட்டு வாசல் வரை வந்துவிட்டது. மண்டபத்தில் கூட்டிப் பெருக்குகிற மைக்கேலும் கண்ணுச்சாமியும் கடப்பாறையால் மூடியை நெம்பித் திறந்தார்கள். திறந்த வேகத்தில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"மொதலாளி, கண்ணு எரியுது. நாளைக்கு லாரி வரட்டும், உறிஞ்சி எடுத்துரலாம்" என்றான் மைக்கேல்.

தங்கப்பாண்டியன் மடித்துக் கட்டின வெள்ளை வேட்டியோடு, மூக்கில் கைக்குட்டையோடு, தள்ளி நின்றார். அவர் போட்டிருந்த செண்டு இத்தனை நாற்றத்துக்கு நடுவிலும் தனியாக மணந்தது.

"நாளைக்கு எம்புட்டுப் பெரிய மனுசங்க வாராங்க தெரியுமா? அவிய எலைக்குப் பக்கத்துல பீ மெதக்கணுமா? எறங்குலே. எறங்கலேன்னா ஒம் பொண்டாட்டியையும் சேத்துக் கூட்டிட்டு இப்பவே நடையக் கட்டு."

மைக்கேலின் பெண்டாட்டி ஞானபாக்கியம் அதே மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மைக்கேல் அவள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து, சுவரோரம் வைத்துவிட்டு இறங்கினான். அவன் பின்னால் கண்ணுச்சாமி.

இதையெல்லாம் பால்ச்சாமி பார்த்தான், கேட்டான். மூடின குழிக்குள் என்ன நிறைந்திருக்கும் என்று அங்கே அவனைவிடத் தெரிந்த ஆள் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் குடித்திருப்பது தெரிந்துவிடும். அவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் குழிக்குள் பேச்சு நின்றது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. எட்டிப் பார்த்த சமையல் ஆள் ஒருவன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான். எல்லாரும் ஓடிவந்து, வட்டமாக, தள்ளி நின்றார்கள். எவனோ ஒருத்தன், "கிணத்துப் பால்ச்சாமி இங்கனதான இருக்காரு" என்றான். அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியது. வீரம், கருணை என்று பின்னால் என்னென்னவோ சொன்னார்கள். அந்தத் தலைகள் திரும்பியதற்காகத்தான் அவன் இறங்கினான்.

துண்டை நனைத்து முகத்தில் கட்டினான். இடுப்புக் கயிற்றைச் சமையல்காரர்கள் பிடித்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினபோது, ஏணிக்குப் பக்கத்திலேயே கண்ணுச்சாமி சரிந்து கிடந்தான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தோளில் போட்டுக் கயிற்றை ஆட்டினான். மேலே, "பைகி லாகு! பைகி லாகு!" என்று, மேலே இழுக்கச் சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டே சமையல்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தார்கள். அந்த நேரத்தில்தான் கூட்டத்தில் ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். தலையிலிருந்து கால்வரை கறுப்பாக வழிய, தோளில் ஒரு ஆளைப் போட்டுக்கொண்டு, குழிக்குள்ளிருந்து எழுந்து வருகிற பால்ச்சாமி. அதோடு அந்த வீடியோ முடிந்துவிடும்.

வீடியோவில் இல்லாதது இது. அவன் மறுபடி இறங்கினான். மைக்கேல் ஆழத்தில் கிடந்தான். பால்ச்சாமி துழாவினபோது ஒரு கை தட்டுப்பட்டது. அதைப் பிடிக்கப் போனான். அதற்குள் அந்தக் கை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வழுக்குகிற கை, ஆனாலும் இறுக்கமாகப் பிடித்தது. பால்ச்சாமி இழுத்துப் பார்த்தான், வரவில்லை. மூச்சு முட்டியது. தலைக்குள் வெள்ளையாக ஏதோ சுழன்றது. அவன் மணிக்கட்டை முறுக்கி உதறி விடுவித்துக்கொண்டு கயிற்றை ஆட்டினான்.

மேலே வந்து விழுந்து வாந்தியெடுத்தான். "இன்னும் ஒரு தடவ எறங்குங்கண்ணே" என்று யாரோ கெஞ்சினார்கள். "ஏலாது" என்று தலையை ஆட்டினான். ஞானபாக்கியம் சோப்பு நுரை ஒட்டின கையோடு ஓடிவந்து நின்றாள். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்ட ஆட்கள் மைக்கேலை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. கண்ணுச்சாமி மட்டும் பிழைத்தான்.

கல்யாணம் மறுநாள் வேறு மண்டபத்தில் நடந்தது.

தங்கப்பாண்டியன்மேல் வழக்குப் பதிவானது. கைதானார், ஜாமீனில் வந்தார். பால்ச்சாமியை அரசுத் தரப்புச் சாட்சியாகச் சேர்த்தார்கள். வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மெதுவாக நகர்ந்தது. வீடியோவோ வேகமாக ஓடியது. பின்னணியில் உடுக்கைச் சத்தம் சேர்த்து, 'ராஜபாளையத்து சூப்பர்மேன்' என்று பெயர் போட்டு, எவனெவனோ அனுப்பினான். சங்கங்கள் சால்வை போர்த்தின. மேடையில் பால்ச்சாமி கூச்சத்தோடு நின்றான். ஒவ்வொரு சால்வைக்கும் மணிக்கட்டில் அந்தப் பிடி தெரிந்தது. வீட்டுக்கு வந்து சால்வையை மூலையில் எறிந்துவிட்டுக் குடித்தான்.

ஒருநாள் தங்கப்பாண்டியனின் கார் சுந்தரபாண்டியத்துக்கே வந்தது. அவரோடு ஆல்வின் என்று ஒரு இளைஞன் இறங்கினான். குறும்படங்கள் எடுத்தவன், முதல் பெரிய படத்துக்கு முதலாளி தேடிக்கொண்டிருந்தவன். தங்கப்பாண்டியன் கிடைத்துவிட்டார்.

"அண்ணே, ஒரு சாதாரண கிணத்து மெக்கானிக்" என்று ஆல்வின் கண்ணை மூடிக் கதை சொன்னான். "செப்டிக் டேங்குல விழுந்துடுறான். எந்திரிச்சு வரும்போது சக்தி வந்துருது. விஷவாயு அவனை ஒண்ணும் பண்ணாது. பூமிக்குக் கீழ எங்க ஆபத்துன்னாலும் போய் நிப்பான். பேரு ஆழன். அந்த வீடியோவைப் பார்த்த அத்தனை பேரும் படத்துக்கு வருவாங்க. நீங்களே நடிக்கணும்."

"பீக்குழிக்குள்ள விழுந்தா சக்தியா வரும்? சீக்குதான் வரும்" என்றான் பால்ச்சாமி. "எனக்கு வேண்டாம் தம்பி. போயிட்டு வாங்க."

தங்கப்பாண்டியன் சிரித்தார். "யோசிச்சுச் சொல்லுலே. ஒண்ணும் அவசரமில்ல."

கார் போன பிறகு வெங்கடேஸ்வரி அவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவாமல் குப்பையில் போட்டாள். "அந்தாளு எதுக்கு வந்தாம்னு புரியுதா? நீங்க சாட்சி. படத்துல ஆடுனா பொறவு கோர்ட்டுல வாயத் தொறப்பீகளா?"

பால்ச்சாமிக்கும் புரிந்துதான் இருந்தது. ஆனால் மாரீஸ்வரி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "நடிங்கப்பா. ஒரே ஒரு படம். எங்க பஸ்ல எல்லாரும் பாக்கட்டும். பொணந்தூக்கின்னு பொறவு எவ சொல்லுவா?" என்றாள். அவன் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்காமல் தப்பித்தான். பிறகு ஆல்வினுக்குப் போன் செய்தான்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு மாந்தோப்பில் படப்பிடிப்பு நடந்தது. ஆழனின் உடுப்பு ரப்பரில் செய்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மீன் செதில் மாதிரி கறுநீலம். வேறு ஏதோ படத்துக்குச் செய்ததை வாடகைக்கு வாங்கிச் சாயம் அடித்திருந்தார்கள். அதைப் போட்ட முதல் நிமிஷத்திலேயே பால்ச்சாமிக்குத் தெரிந்துவிட்டது, இதற்குள் இதற்கு முன் ஒரு மனிதன் நாள்கணக்கில் வேர்த்திருக்கிறான். அந்த ஆளின் அக்குள் நாற்றத்துக்குள் தன் உடம்பைத் திணித்துக்கொண்டு வெயிலில் நின்றான். முதுகில் வேர்வை வழிந்து இடுப்பில் தேங்கியது. கழற்றினால் மறுபடி மாட்ட நேரமாகும் என்று சாப்பாட்டுக்குக்கூடக் கழற்ற விடவில்லை.

குழிக் காட்சிக்காகப் பெரிய சிமென்ட் தொட்டி கட்டி, கேப்பை மாவு, காபித்தூள், கறுப்புச் சாயம் எல்லாம் கலந்து ஊற்றியிருந்தார்கள். முதல் நாள் அது காபி மாதிரி மணந்தது. மூன்றாம் நாள் புளித்துப் பொங்கி, நிஜக்குழியைவிட மோசமாக நாறியது. ஈ மொய்த்தது. கேமராக்காரர் மாஸ்க் போட்டுக்கொண்டார். பால்ச்சாமியை அதற்குள் கழுத்துவரை இறக்கினார்கள்.

அவன் எழுந்து வரும்போதே ஓங்கரித்தான்.

"கட்!" என்று ஆல்வின் ஓடிவந்தான். "அண்ணே, ஆழன் வாந்தி எடுக்க மாட்டான்."

"நான் எடுப்பேன் தம்பி."

"நீங்க எடுங்க. ஆழன் எடுக்கக்கூடாது. மூஞ்சியையும் சுளிக்காதீங்க. அருவருப்புப் படுறவனை யாரு ஹீரோன்னு சொல்லுவாங்க?"

வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அவன் எட்டு தடவை எழுந்து வந்தான். ஒன்பதாவதில் ஆழன் முகம் சுளிக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். பால்ச்சாமி மாமரத்துக்குப் பின்னால் போய்க் கக்கினான்.

சண்டைக் காட்சிகளில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கினவனுக்கு வெளிச்சத்தில் தொங்கப் பயமாக இருந்தது. அவன் கை ஓங்கும் முன்பே அடியாட்கள் பறந்து போய் விழுந்தார்கள். மகள் வயதில் ஒரு நடிகையோடு மழையில் ஆடவும் வைத்தார்கள். அவன் முடியாது என்றான், கத்தினான், கேரவன் கதவை உதைத்தான், கடைசியில் குடித்துவிட்டு ஆடினான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அது மட்டும் அவனுக்குப் பிடித்திருந்தது. தன்னைத் தொடாத ஊர் தொடுகிறது என்று நினைத்தபோது கண் கலங்கியது. அந்த சந்தோஷத்தை நினைத்துத்தான் பின்னால் அவன் தன்னையே அதிகம் காறித் துப்பிக்கொண்டான்.

கடைசி நாள் படப்பிடிப்பை அந்த மண்டபத்திலேயே வைத்தார்கள். பின்பக்கம் புது டைல்ஸ் பதித்து, ரோஜாத் தொட்டிகள் வைத்திருந்தார்கள். கதையில் ஆழன் ஒரு தொழிலாளியை மீட்டுவிடுகிறான், இன்னொருத்தனுக்கு உயிர் போய்விடுகிறது. அந்த உடம்பை மடியில் போட்டுக்கொண்டு ஆழன் பேச வேண்டிய வசனத்தை உதவி இயக்குநர் வாசித்துக் காட்டினான்.

"குடிச்சிட்டு எறங்காதே, எறங்காதேன்னு மொதலாளி எம்புட்டுச் சொன்னாரு... கேட்டியா?"

பால்ச்சாமி எழுந்துவிட்டான். "மைக்கேலு குடிக்கலையே தம்பி. மொதலாளி எங்க எறங்காதேன்னாரு?"

ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான். "சினிமாதானண்ணே. எல்லாம் கற்பனைன்னு மொதல்லயே போட்டுருவோம்."

நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்த தங்கப்பாண்டியன் பக்கத்தில் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "ஏலே பால்ச்சாமி. அன்னைக்கு இங்கன யாரு குடிச்சிருந்தாம்னு எனக்குத் தெரியாதா? மோட்டார் ரூம்புக்குப் பின்னால பாட்டில எடுத்தது என் வாட்ச்மேன்தான். குடிகாரன் எறங்கப் போயித்தான் ஒரு உசுரு போச்சுன்னு நான் சொன்னா, ஒம் மக எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவா? பேசாம போயி வசனத்தச் சொல்லு."

பால்ச்சாமி வந்து உட்கார்ந்தான். செத்தவனாக நடித்த பையன் அவன் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் சொல்லுங்கண்ணே, கழுத்து வலிக்குது" என்றான். அந்த வசனம் ஒரே டேக்கில் முடிந்தது. அதைத்தான் அவன் படத்திலேயே நன்றாகப் பேசியிருக்கிறான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

படம் ராஜபாளையத்தில் ஒரு தியேட்டரில் வெளியானது. வாசலில் ஆழனுக்கு இரண்டாள் உயரத்தில் கட்அவுட். தங்கப்பாண்டியனின் ஆட்கள் குடம் குடமாகப் பால் ஊற்றினார்கள். காலைக் காட்சி முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, வெயிலில் அந்தப் பால் திரிந்து, சாக்கடையோடு கலந்து, செருப்பில் ஒட்டியது. நாற்றம் தாங்காமல் பால்ச்சாமி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினான். "ஹீரோ பால் நாத்தத்துக்கே மூக்கப் பொத்துறாரு" என்று ஒருத்தன் சிரித்தான்.

மாரீஸ்வரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"அந்த மாமா நெசமாவே குடிச்சிருந்தாராப்பா?"

பால்ச்சாமி குனிந்து செருப்பில் ஒட்டின திரிந்த பாலைச் சுரண்டினான்.

"சீ" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஞானபாக்கியம் வந்தாள். மைக்கேல் செத்த அன்றைக்கே மண்டபத்து வேலை போய், அவள் ஒரு பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு அள்ளிக்கொண்டிருந்தாள். வெங்கடேஸ்வரி உள்ளே வரச் சொன்னாள். அவள் வரவில்லை. தண்ணீர் கொடுத்ததையும் வாங்கவில்லை. தெருவில் நின்றபடியே பேசினாள்.

"அண்ணே, நான் படம் பாக்கல. பாத்தவுக சொன்னாக. எங்க வீட்டுக்காரரு குடிகாரன்னு நீங்க சொல்றீகளாம்ல."

"எழுதிக் குடுத்தாக தங்கச்சி..."

"அவரு சர்ச்ல சத்தியம் பண்ணிட்டுத் தொடாம இருந்த மனுசன். என் மகன் கேக்கான், அப்பா குடிச்சாராம்மான்னு. தங்கப்பாண்டியன் வக்கீலும் கோர்ட்டுல அதத்தான் சொல்லுதாரு. குடிச்சிட்டுத் தானா எறங்குனாரு, விழுந்ததுமே செத்துட்டாருன்னு. நீங்க அத ஊருக்கெல்லாம் சொல்லிட்டீக." அவள் மூச்சு வாங்கினாள். "அன்னைக்கு உங்க பக்கத்துல வந்து நின்னேனே, எனக்கு வாடை தெரியாமலா? குடிச்சிருந்தது நீங்க. எங்க அவரு இல்ல."

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சாட்சி சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். வெங்கடேஸ்வரி கையில் தண்ணீர்ச் சொம்போடு அங்கேயே நின்றாள்.

பால்ச்சாமி அன்று குடிக்கப் போனான். பாட்டிலைத் திறந்ததும் அந்த வாடையே குமட்டியது. அப்படியே மூடி வைத்துவிட்டு வந்தான். குடியை விட்டுவிட்டான் என்று நினைத்துவிடக் கூடாது. மறுநாள் குடித்தான். ஆனால் சாட்சி சொல்லக் கூப்பிட்ட நாளில் குடிக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினான். அவனுக்குத் தெரியாமல் வெங்கடேஸ்வரியும் மகளும் பின்னால் அடுத்த பஸ்ஸில் வந்தார்கள்.

கோர்ட் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் தங்கப்பாண்டியன் நின்றார். "என்னலே ஆழா" என்று சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டினார். அந்தச் செண்டு வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டது. கூண்டில் ஏறி நிற்கும்போதும் அது அவன் மூக்கில் இருந்தது.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். மைக்கேல் லாரி வரட்டும் என்று கேட்டது, இறங்காவிட்டால் பெண்டாட்டியையும் வேலையைவிட்டு நிறுத்துவதாக முதலாளி மிரட்டியது, கயிறோ முகமூடியோ எதுவும் கொடுக்காதது. தங்கப்பாண்டியனின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அவருடைய வக்கீல் எழுந்தார்.

"சம்பவத்தன்னைக்கு நீங்க மது அருந்தியிருந்தீங்களா?"

"ஆமாய்யா."

வக்கீல் அதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பான், பாட்டில், வாட்ச்மேன் என்று மடக்கலாம் என்று வைத்திருந்தார் போல. "குடிபோதையில இருந்த நீங்க பார்த்ததா சொல்றதை எப்படி நம்புறது?"

"குவார்ட்டர் அடிச்சிருந்தேன். காது கேட்டுச்சு. கண்ணு தெரிஞ்சது."

"இறந்துபோனவர் குடிச்சிருந்தார்னு நீங்களே சினிமாவுல பேசியிருக்கீங்களே?"

"எழுதிக் குடுத்தாக, பேசினேன். எழுதிக் குடுக்கச் சொன்னது இவுகதான்" என்று தங்கப்பாண்டியன் இருந்த பக்கம் கையைக் காட்டினான்.

சினிமா வசனத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று நீதிபதி வக்கீலிடம் சொன்னார். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததுக்குப் போனார். மைக்கேல் உள்ளே விழுந்த நொடியே இறந்துவிட்டார், முகமூடியோ கயிறோ இருந்திருந்தாலும் எந்தப் பயனும் இருந்திருக்காது, அதனால் முதலாளியின் கவனக்குறைவு என்று ஒன்றும் இல்லை, அப்படித்தானே என்றார்.

"இல்லய்யா" என்றான் பால்ச்சாமி. "உசுரோட இருந்தாரு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தான்.

"நான் ரெண்டாந்தடவ எறங்கையில எங் கையப் பிடிச்சாரு. இறுக்கிப் பிடிச்சாரு. எனக்கு மூச்சு முட்டிருச்சு. நான் உதறிட்டு மேல வந்துட்டேன். இன்னொருக்கா எறங்கச் சொன்னாக. ஏலாதுன்னுட்டேன். முகமூடி ஒண்ணு இருந்திருந்தா அவரத் தூக்கியாந்திருப்பேன். உசுரு இருந்துச்சய்யா. அது எனக்குத் தெரியும்."

பின்வரிசையில் மாரீஸ்வரி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வக்கீல் மேலே கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

வெளியே வந்தபோது ஞானபாக்கியம் படிக்கட்டின் கீழே நின்றாள்.

"உசுரோடவா இருந்தாரு?"

"ஆமா தங்கச்சி."

"எந்தக் கையப் பிடிச்சாரு?"

பால்ச்சாமி வலது கையை நீட்டினான். அவள் அந்த மணிக்கட்டையே பார்த்தாள். தொடப் போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். வாந்தி வருகிற ஆள் பொத்துவது போல. பிறகு திரும்பி நடந்தாள். அவன் நீட்டின கை அப்படியே இருந்தது. வெங்கடேஸ்வரி வந்து அதைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

அதன் பிறகு அவனுக்கு ஒரு சால்வையும் வரவில்லை. அவன் கோர்ட்டில் சொன்னது அன்று மாலையே ஊருக்கு வந்துவிட்டது. 'சாகக் கெடந்தவன் கைய உதறினவன்' என்று வீடியோ போட்டார்கள். அதே உடுக்கைச் சத்தம், அதே காட்சி, கீழே திட்டு. சூப்பர்மேன் என்று அனுப்பினவர்களில் பாதிப்பேர் இதையும் அனுப்பினார்கள். தங்கப்பாண்டியனுக்கு வேண்டியவர்கள் தோட்டங்களில் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கான்சாபுரம் பக்கம் சில சின்னத் தோட்டக்காரர்கள் மட்டும் கூப்பிட்டார்கள். கயிறு பிடிக்கக் கண்ணுச்சாமி வர ஆரம்பித்தான். நெஞ்சில் அடிக்கடி இருமல் இருந்ததால் வேறு பாரம் தூக்க அவனால் முடியாது. மாரீஸ்வரி கோர்ட்டிலிருந்து வந்த அன்று ராத்திரி அப்பாவுக்குச் சோறு போட்டாள். பேச்சு வர இன்னும் பல நாளானது. வந்தபோது அது படத்தைப் பற்றியோ கோர்ட்டைப் பற்றியோ இல்லை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கையெழுத்து கேட்டாள்.

மறு வருஷம் தீர்ப்பு வந்தது. தங்கப்பாண்டியன் குற்றவாளி. சிறைத் தண்டனை என்று நீதிபதி வாசித்தபோது அவர் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சில வாரத்தில் மேல்முறையீடு போட்டு ஜாமீனில் வெளியே வந்தார். மண்டபம் இப்போதும் நடக்கிறது. வழக்கு மதுரை ஹைகோர்ட்டில் இருக்கிறது. முகூர்த்த நாளில் வாசலில் சீரியல் லைட் எரிகிறது, ஜனங்கள் போகிறார்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

தீர்ப்பு வந்த அன்று ஞானபாக்கியம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். பால்ச்சாமி தள்ளி, பின்னால் வந்தான். ராஜபாளையம் பஸ் புறப்பட நின்றது. அவனுக்கும் அன்று ராஜபாளையத்தில் பம்ப் சாமான் வாங்க வேண்டியிருந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவனைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பவும் இல்லை. பஸ்ஸில் இடம் இருந்தது. கண்டக்டர், "ஏறுங்க, ஏறுங்க" என்றார்.

பால்ச்சாமி ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றான்.